வெள்ளை அட்டை

கட்டிடத்தை வடிவமைத்தவர் என்னைக் காட்டி, "இவங்க உங்க அசிஸ்டென்ட்டா?" என்று தங்கையிடம் கேட்டார்.

"எங்க அக்கா சார். கேமராவே அவங்களோடதுதான்" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

கேமரா என்னுடையதுதான். துருத்தியை விரித்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கேமராவின் பின்கண்ணாடியில் கட்டிடங்களைத் தலைகீழாகப் பார்த்தே என் பதினாறு வருடம் போயிருக்கிறது. கேமராவின் முதுகில் ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது இவள் வாங்கிய டிஜிட்டல் பேக், படத்தைப் பதிவுசெய்யும் சின்னப் பெட்டி. உள்ளங்கை அகலம்கூட இருக்காது. அதை மாட்டியதும் கேமராவே இவளுடையதாகிவிட்டது. பின்கண்ணாடியில் ஃபோகஸ் பார்த்துவிட்டு, பேக்கைச் சரக்கென்று அதன் இடத்துக்கு நகர்த்தும் அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க, எதிலாவது இவள் கோட்டை விடக்கூடாதா என்றிருந்தது.

விட்டாள்.

அது புது நூலகத்தின் வாசிப்புக் கூடம். நாளைக் காலையில் அலமாரிகள் வந்துவிடும். அதற்குள் வெறும் வெள்ளைச் சுவர்களில் சாயங்கால வெயில் விழும் படம் அவருக்கு வேண்டும். பிடித்துப்போனால் அவருடைய அடுத்த கட்டிடங்களைப் படமெடுக்கும் வேலையெல்லாம் தங்கைக்குத்தான். கூரையும் அடங்கவேண்டும் என்று திருகைத் திருகி லென்ஸை மட்டும் மேலே ஏற்றினாள். அப்படி ஏற்றினால் பேக்கில் நிறம் சீராக விழாது. லென்ஸை அசைக்காமல், அதன் முன்னால் வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை அட்டையைப் பிடித்து இன்னொரு படம் எடுத்துக்கொண்டால்தான் பிறகு கணினியில் சரிசெய்யலாம். அவர் விடாமல் பேச்சுக் கொடுத்ததில் மறந்துவிட்டாள். அட்டை, கேமராப் பெட்டியில் மேலாகவே கிடந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் ஜன்னலை வேடிக்கை பார்த்தேன். அவள் லென்ஸை இறக்கினாள்.

வெயில் போனது. அவரும் கூடத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். வாசல் படியில் உட்கார்ந்து மடிக்கணினியில் படத்தைத் திறந்தாள். சுவர் மேலே பச்சை, கீழே ரோஸ்.

"ஐயோ அக்கா, அட்டைய வச்சு எடுக்கவே இல்ல!"

"அப்படியா? நான் கவனிக்கலையே."

"நீ கவனிச்சிருந்தா விட்டிருப்பியா? என் தப்புதான்."

சந்தேகமாக ஒரு பார்வை பார்த்திருந்தால்கூடத் தேவலை.

இன்னும் ஒரு வழி இருந்தது. லென்ஸை அதே அளவுக்கு ஏற்றி, எங்கே வைத்தாவது அட்டையைப் படமெடுத்தால் போதும். ஆனால் அளவை அவள் குறித்து வைக்கவில்லை. படியிலேயே கேமராவை நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு, விரல்களுக்காவது ஞாபகம் இருக்கும் என்பதுபோல் திருகைத் திருகினாள். ஒன்பது மில்லிமீட்டரில் நிறுத்தினாள்.

"இவ்ளோதான் ஏத்துனேன்னு நினைக்கிறேன். இல்லக்கா?"

பன்னிரண்டு. அவள் ஏற்றும்போதே திருகின் பக்கத்து அளவுகோலில் கோடு கோடாக நான் எண்ணியிருந்தேன். இப்போது அதைச் சொன்னால், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன் என்று ஆகிவிடும்.

அட்டையை எடுத்து லென்ஸை மூடினாற்போல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீ அமுக்குக்கா. உன் கை ராசி" என்றாள்.

ஷட்டர் கேபிளின் நுனியில் என் கட்டைவிரல் இருந்தது.