எட்டாவது போல்ட்

செத்தவர் கையிலிருந்து ஸ்பானரை எடுக்க முடியவில்லை. அவருடைய அக்கா அம்சா வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள், விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தாள். தம்பியின் விரல்கள் அசைந்து கொடுக்கவில்லை.

"உடுங்க அண்ணி. அது அவரு கையோடயே போவட்டும்" என்றாள் அவர் மனைவி சவுரியம்மாள்.

அம்சா நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தாள். காலையிலிருந்து அதே பார்வைதான்.

திண்டிவனத்தில் லாரிக்கு பாடி கட்டும் தச்சர்களில் சவுரிராயன் பேர்போனவர். மரத்தோடு பேசுகிற அளவுக்கு மனிதர்களோடு பேச மாட்டார். போன மாதம் மாரியப்பன் ஒரு அலுமினியப் படகை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினான். வீடூர் அணையில் மீன் பிடிக்கிறவன். விழுப்புரத்தில் அரசாங்க ஏலத்தில் எடுத்த படகு. தகரமெல்லாம் கல்லு மாதிரி இருந்தது. மோட்டாரை மாட்டுகிற பின்பலகை மட்டும் உளுத்துப்போய், விரல் வைத்தால் உள்ளே போனது. சவுரிராயன் அதைப் பெயர்த்து எறிந்துவிட்டு வேங்கைப் பலகை ஒன்றை இழைத்து வைத்தார். எட்டு போல்ட் போட்டு முறுக்கினால் வேலை முடிந்தது.

போல்ட் முறுக்குவது ஒற்றை ஆள் காரியம் இல்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து நட்டை முறுக்க வேண்டும். அப்போது வெளியே போல்ட்டின் தலையும் சேர்ந்து சுற்றப் பார்க்கும். அதை இன்னொருவர் ஸ்பானர் போட்டு விடாமல் பிடிக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக அந்த இன்னொருவர் சவுரியம்மாள்தான். இடையில் பலகை இருப்பதால் முகம் தெரியாது. அவர் உள்ளேயிருந்து மூன்று தட்டு தட்டுவார். பிடி என்று அர்த்தம். இவள் இரண்டு தட்டுவாள். பிடித்துவிட்டேன் என்று அர்த்தம். கல்யாணமாகி அவர்கள் பேசிக்கொண்டதில் பாதி இந்தத் தட்டுதான் என்று தெருவில் கேலி செய்வார்கள்.

இன்று விடிவதற்கு முன்னால் காபி குடித்துவிட்டு, போல்ட் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவர் படகுக்குள் ஏறினார். "ஜல்தியா வா" என்றார். சவுரியம்மாள் அடுப்படியில் கேப்பை மாவு பிசையப் போனாள்.

ஏழு மணி வாக்கில் மூன்று தட்டு கேட்டது. கையெல்லாம் மாவு. வருகிறேன் என்று சொல்கிற மாதிரி, கரண்டியால் குண்டானில் இரண்டு தட்டு தட்டினாள். போகவில்லை. ஆனால் வாசலில் நட்டு கிறீச்சிட்டு முறுகும் சத்தம் கேட்டது. தனியாகவே சமாளிக்கிறார் போலிருக்கிறது என்று அடை தட்டப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி மூன்று. மறுபடி கரண்டி. இப்படி ஏழு தடவை. எட்டாவது தடவை தட்டியபோது அடை தீய்ந்துகொண்டிருந்தது. "சும்மா இருய்யா, பேஜாரு புடிச்சவரே!" என்று உள்ளேயிருந்தே கத்தினாள். கரண்டியால் பதில் தட்டவில்லை. அதற்குப் பிறகு வாசலில் சத்தமே இல்லை.

பத்து மணிக்கு அடையை எடுத்துக்கொண்டு போனபோது, பலகையில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். தொட்டால் சில்லென்றிருந்தது.

கம்பவுண்டர் வந்து தாடையை அசைத்துப் பார்த்தார். "நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும்மா. படகுல ஏறி உக்காந்ததுமே போயிருக்கணும்."

"அதெப்படிங்க? தட்டுற சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சே" என்றாள் சவுரியம்மாள்.

கம்பவுண்டர் பையை மூடினார். அம்சா சொன்னாள். "விடிஞ்சதுலேர்ந்து ஒரு தபா எட்டிப் பாக்கல. இப்ப சத்தம் கேட்டுச்சாம் சத்தம்."

அந்தச் சொல் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியது. எட்டிப் பார்க்கவில்லை என்பது நிஜம்தானே? மூன்று தட்டுக்கு எழுந்து போயிருந்தால் அவர் தனியாகச் செத்திருக்க மாட்டார். அவர் கூப்பிட்டார், தான் போகவில்லை. சவுரியம்மாளுக்கு அழுகைகூட வரவில்லை.

கூட வேலை செய்த துரைக்கண்ணு பெட்டி செய்துகொண்டு வந்தார். ஸ்பானரோடேயே அவரைப் பெட்டியில் கிடத்தி மூடினார்கள். நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் செபம் முடிந்தது. எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள்.

வீடு திரும்பியதும், கூட வந்த மாரியப்பன் படகை ஒரு சுற்று சுற்றினான். துக்கத்துக்கு வந்த இடத்தில் அப்படிப் பார்க்கக் கூச்சம்தான். ஆனாலும் அவன் பிழைப்பு அதில் இருந்தது. போல்ட் ஒவ்வொன்றையும் கையால் திருகிப் பார்த்தவன் நின்றுவிட்டான்.

"அக்கா, வேலைய முடிச்சுட்டாரா மேஸ்திரி? நேத்து சாயங்காலம் வெறும் ஓட்டைதான இருந்துச்சு? ஏழும் கல்லு மாதிரி இருக்குது. இது ஒண்ணுதான் லூசு. வெளிய யாருக்கா புடிச்சது?"

கதவோரம் நின்ற அம்சா மாரியப்பனைப் பார்த்தாள். பிறகு படகைப் பார்த்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனவள், தம்பி பெண்டாட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"நான் உள்ள ஏறி ஒரு முறுக்கு முறுக்கட்டுமாக்கா?"

"வேணாம் தம்பி. இப்ப போய்ட்டு காலையில வா."

அவன் போனதும் சவுரியம்மாள் அடுப்படி ஆணியில் மாட்டியிருந்த தன் ஸ்பானரை எடுத்து வந்தாள். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தகரம் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. படகுக்குப் பின்னால், எப்போதும் உட்காரும் கட்டைமேல் உட்கார்ந்தாள். வேங்கைப் பலகையின் வாசனை அடித்தது. எட்டாவது போல்ட்டின் தலையில் ஸ்பானரை மாட்டிவிட்டு, பலகையில் விரல் கணுவால் இரண்டு தட்டு தட்டினாள்.

"புடிச்சுக்கினேன்யா" என்றாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவள் கைக்குள் ஸ்பானர் மெல்லச் சுற்றப் பார்த்தது. சவுரியம்மாள் காலைத் தரையில் ஊன்றி, இரண்டு கையாலும் அதை விடாமல் பிடித்துக்கொண்டாள்.