அக்காவின் கட்டியில் ஒரு பல்

அக்காவின் வயிற்றிலிருந்து எடுத்த கட்டி, ஃபார்மலின் ஜாடியில் மிதந்தபடி எங்கள் ஆய்வகத்துக்கு வந்தபோது, அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். பதினோரு வருடமாகப் பார்க்கும் வேலை. ஆனால் ஜாடியில் ஒட்டியிருந்த பெயரைப் படித்ததும் என் கையெழுத்தே எனக்கு மறந்துபோனது.

அக்கா பல் டாக்டர். வயிறு கனமாக இருக்கிறதே என்று ஸ்கேன் எடுக்கப் போனாள். இடது சினைப்பையில் ஆரஞ்சுப் பழ அளவுக்குக் கட்டி. "எடுத்துப் பார்த்தால்தான் என்னன்னு சொல்ல முடியும்" என்றார் சர்ஜன். அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக்கான மாமாவுக்கு, அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார்.

எங்கள் ஆய்வக டாக்டரைப் பூதக்கண்ணாடி மேடம் என்போம். பூதக்கண்ணாடி இல்லாமல் அவர் மதியச் சாப்பாட்டைக்கூடப் பார்க்க மாட்டார்.

"சொந்த அக்கா கட்டியை நீ தொடாதே. நான் சொல்லச் சொல்ல எழுது, போதும்" என்றார்.

எழுதினேன். எட்டு சென்டிமீட்டர். உறை முழுசாக இருக்கிறது. எங்கும் கிழியவில்லை. மேடம் கத்தியை வைத்து இழுத்தார். உள்ளிருந்து வெண்ணெய் போலக் கொழுப்பு வழிந்தது. அதற்குள் கொத்தாகக் கறுப்பு முடி. கத்தி இன்னும் கொஞ்சம் இறங்கி, 'டக்' என்று நின்றது.

மேடம் இடுக்கியால் எதையோ பிடித்து வெளிச்சத்தில் காட்டினார்.

பல்.

"உங்கக்கா என்ன வேலைன்னு சொன்னே?"

"பல் டாக்டர், மேடம்."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இப்பவே சிரிக்காதே. ஸ்லைடு பார்த்துட்டுச் சிரிக்கலாம்" என்றார் மேடம். ஆனால் அவருடைய முகக்கவசமும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் மதியம் ஸ்லைடுகள் தயாராயின. மேடம் ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று நகத்தைத் தின்று தீர்த்தேன். கடைசியில் தலையைத் தூக்கினார். "எல்லாமே ஒழுங்கா வளர்ந்து முடிஞ்ச திசு. புற்று எங்கேயும் இல்லை. இப்ப சிரி."

சிரிக்கவில்லை, அழுதேன். பிறகு மேடமும் நானும் லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நான்கு மாடி படியேறி வார்டுக்கு ஓடினோம்.

செய்தியைக் கேட்டதும் மாமா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "பல்லா? எந்தப் பல்லு?"

"அதை நீங்கதான் சொல்லணும்" என்று மேடம் சின்ன டப்பாவை நீட்டினார்.

அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முன்கடைவாய்ப் பல்லு. எனாமல் பாருங்க, என்னா பளபளப்பு! ஒரு சொத்தை இல்லை. என்கிட்ட வர்ற ஒருத்தருக்காவது இப்படி இருக்கா?"

"வயித்துக்குள்ள எப்படிங்க பல்லு முளைக்கும்?" என்றார் மாமா தரையிலிருந்தே.

"கருமுட்டைக்குள்ள முழு உடம்பையும் கட்டுறதுக்கான குறிப்பு இருக்கு. இந்த ஒரு முட்டை யாரும் கூப்பிடாமலேயே வேலையை ஆரம்பிச்சிருக்கு. தோல், முடி, பல்லுன்னு கைக்கு வந்ததையெல்லாம் செஞ்சு வெச்சிருக்கு. ஆனா தன் உறையைத் தாண்டலை" என்றார் மேடம்.

"அப்ப புத்துநோய்?"

"அது வேற. செல் பிரியறதுக்கு உடம்புல பல பிரேக் இருக்கு. வருஷக்கணக்கில ஒவ்வொண்ணா பழுதாகி, நிறுத்த ஆளில்லாம பெருகிட்டே போகும். தனக்குன்னு ரத்தக்குழாயை இழுத்துக்கும். அப்புறம் வேலியை உடைச்சு வேற இடத்துக்குக் கிளம்பிடும்."

மாமா எழுந்தே விட்டார். "லிஃப்டும் அப்படித்தாங்க! ஒரு கயிறு அறுந்தா விழாது. எல்லாக் கயிறும் போகணும், வேகம் மீறினா பிடிக்கிற கருவி போகணும், அடியில தண்டவாளத்தைக் கவ்வுற பிரேக் போகணும்!"

"பத்து வருஷமா மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், ஒருத்தரும் இவ்வளவு சீக்கிரம் பிடிச்சதில்லை" என்றார் மேடம்.

"ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது!" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்குள் பக்கத்துக் கட்டில்காரம்மா பல்லைப் பார்க்க வந்தார். பார்த்தவர், "டாக்டரம்மா, அப்படியே எனக்கும் ஒரு தடவை பாருங்களேன்" என்று வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவர் பின்னால் டிரிப் கம்பத்தை உருட்டிக்கொண்டு மூன்றாமவர். மாமா பையிலிருந்து டார்ச்சை எடுத்து அடித்தார். அக்கா தலையணையில் சாய்ந்தபடியே, "நல்லா திறங்க, இன்னும்" என்று வேலையைத் தொடங்கிவிட்டாள்.

சத்தம் கேட்டுத் தலைமை நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்ன இது, ஆஸ்பத்திரியா சந்தைக்கடையா? எல்லாரும் அவங்கவங்க கட்டிலுக்குப் போங்க!"

எல்லோரும் கலைந்தார்கள். நர்ஸ் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு அக்காவிடம் குனிந்தார்.

"டாக்டர், எனக்குக் கீழ வலது பக்கம் பல்லு ஒரே கூச்சமா இருக்கு."