பாத்துக்கிறான்

அம்சவல்லி கேட்டது ஒரு ஆள். வந்து சேர்ந்தது ஒரு கேமரா.

இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவே வந்து கேமராவை வேடிக்கை பார்த்தது. பெங்களூரில் இருந்துகொண்டே அப்பனைக் கவனிக்கிறானே, பிள்ளையென்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று மெச்சிவிட்டு, அவள் போட்ட டீயையும் குடித்துவிட்டுப் போனது. அம்சவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வீட்டுக்காரர் தர்மராஜ் பீங்கான் கம்பெனியில் சூளை மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலற்றுப் போய்விட்டது. பேச்சும் குழறிவிட்டது, இரண்டு எழுத்து வெளியே வந்தால் மூன்றாவது தொண்டையிலேயே நின்றுகொள்ளும். ஆள் நல்ல ஆகிருதி. அம்சவல்லி அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள், போதாக்குறைக்கு முட்டி தேய்ந்தவள். அவரைப் புரட்டி, துடைத்து, லுங்கி மாற்றி, சாய்த்து உட்காரவைப்பதற்குள் இடுப்பு கழன்று விழாத குறைதான்.

முதுமைக்கு யோசனை செய்யாத மனிதரா அவர்? ஓய்வு பெறுவதற்கு முன்பே படுக்கையறையை ஒட்டி வெஸ்டர்ன் டாய்லெட் கட்டி, எழுந்திருக்கப் பிடிமானமாகச் சுவரில் கம்பியும் பதித்து வைத்தார். யாரும் தன்னைத் தொட்டுத் தூக்கும்படி ஆகிவிடக்கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். கம்பி வலது கைக்கு வாட்டமாக இருந்தது. விழுந்ததும் வலது கைதான். என்னத்தைச் சொல்ல.

கூச்சமென்றால் அப்படியொரு கூச்சம் அவருக்கு. சூளை அனலில் மற்ற ஆட்கள் வெற்று உடம்போடு நிற்க, இவர் மட்டும் பனியனைக் கழற்றமாட்டார். கதவைத் தாழிடாமல் வேட்டி மாற்றி, கட்டிய பெண்டாட்டியே பார்த்ததில்லை.

கம்மாபுரம் பக்கமிருந்து ராஜாம்பாள் என்று ஒருத்தி வருவதற்குத் தயாராக இருந்தாள். சுரங்கத்துக்கு நிலம் போன பிறகு, முடியாதவர்கள் இருக்கும் வீடுகளுக்கு வேலைக்குப் போகிறவள். திடமான உடம்பு, நல்ல பேச்சு. அவளை வைத்துக்கொள்ளலாமா என்று மகன் பிரபாகரனிடம் போனில் கேட்டதுதான் அம்சவல்லி செய்த தப்பு. முன்பின் தெரியாத ஆளை வீட்டுக்குள் விடுவதா, பீரோவைத் துடைத்துக்கொண்டு போய்விட்டால் யார் பதில் சொல்வது என்று குதித்தான். கடைசியில், "நீ கவலப்படாதம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றான். அவனை மீறி ஆள் வைத்து நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், அப்பவே சொன்னேனே என்பான். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வாரமே கடைக்காரப் பையன்கள் ஏணியோடு வந்து, கட்டிலுக்கு நேர் எதிரே பீரோவுக்கு மேலே கேமராவை மாட்டிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து பிரபாகரனின் குரல் வேறு வரும். மாத்திரை கொடுத்தாயா என்று கேட்கும். ஃபேனை ஏன் நிறுத்தினாய் என்று அதட்டும். ஒருநாள் தர்மராஜ் கட்டிலிலிருந்து சரிந்தார். அவரைத் தாங்கப்போய் அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது அந்தக் குரல், "இடுப்ப வளைக்காதம்மா, முட்டிய மடக்கித் தூக்கு" என்று பாடம் நடத்தியது. கடைசியில் ஜன்னல் வழியே கத்தி, பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் கொளஞ்சிநாதனை வரவழைத்துத்தான் தூக்கவேண்டியிருந்தது. குரலுக்குக் கை இருக்கிறதா என்ன?

அது போதாதென்று தர்மராஜும் மல்லுக்கு நிற்க ஆரம்பித்தார். கேமரா வந்ததிலிருந்து பகலில் யூரின் கேனை வைக்க விடுவதில்லை. லுங்கியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். துடைக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். விளக்கை அணைத்த பிறகுதான் வழிக்கு வருவார், அதுவும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. ஏனென்று கேட்டால், "பாக்... றான்... பாக்... றான்" என்பார்.

மகனுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று நினைத்தாள் அம்சவல்லி. பாத்துக்கிறான், பாத்துக்கிறான் என்று பிள்ளையின் பெருமையைப் பெற்றவளிடமே அளக்கிறாரே என்று ஆத்திரம் வந்தது.

"ஆமா, பாத்துக் கிழிச்சான் உங்க புள்ள. கைய எடுங்க மொதல்ல" என்று அதட்டி, பலவந்தமாக லுங்கியை இழுத்துத் துடைத்தாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. அவர் கண்ணில் நீர் வழிந்ததை வியாதியின் குணம் என்று விட்டுவிட்டாள்.

ஒருநாள் மத்தியானம் மருமகள் சிவசங்கரி போன் செய்தாள். நல்ல பெண்தான், மரியாதை தெரிந்தவள். மாமாவுக்கு இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறது, படுக்கைப் புண்ணாகிவிடும், பவுடர் போடுங்கள் என்றாள். அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள் அம்சவல்லி.

"என் தம்பி பாத்துட்டுச் சொன்னான் அத்த. பிசியோதெரபி படிக்கிறான்ல? ஒரு அவசரத்துக்கு ஆவுமேன்னு அவன் போன்லயும் கேமராவப் போட்டுக் குடுத்திருக்கோம்."

அம்சவல்லி போனை அங்கேயே வைத்துவிட்டாள். உள்ளே போய்க் கட்டிலையும் பீரோவையும் மாறிமாறிப் பார்த்தாள். தர்மராஜ் லுங்கியைப் பிடித்தபடி படுத்திருந்தார். காலையிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை, அடிவயிறு உப்பியிருந்தது. அவளைக் கண்டதும் இடது கையைத் தூக்கி பீரோவின் உச்சியைக் காட்டினார்.

"பாக்... றான்" என்றார்.

அட, பாவி மனுஷா! அவர் சொன்னது அதுதான். அதை மட்டும்தான் அத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தார். பார்க்கிறான். மகன் பார்க்கிறான், மருமகள் பார்க்கிறாள், இப்போது மருமகளின் தம்பியும் பார்க்கிறான். சூளைக்கு முன்னால் பனியனைக் கழற்றாத மனிதரை தன் கையாலேயே அம்மணமாகப் போட்டு ஊருக்குக் காட்டியிருக்கிறாளே! தலையில் அடித்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, தேய்ந்த முட்டி நடுங்க நடுங்க கேமராவின் வயரைப் பிடுங்கினாள். சுவரின் சுண்ணாம்பும் சேர்ந்து உதிர்ந்தது.

கதவைத் தாழிட்டாள். ஜன்னலையும் சாத்திவிட்டு யூரின் கேனைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் கையைத் தட்டவில்லை. வெகுநேரம் போனார். போய் முடித்ததும் மூச்சை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவரை நன்றாகத் துடைத்து, பவுடர் போட்டு, லுங்கி மாற்றிய பிறகுதான் கதவைத் திறந்து போனை எடுத்துவந்தாள்.

கேமரா வேலை செய்யவில்லையே, கரண்ட் போய்விட்டதா என்று பதறினான் பிரபாகரன்.

"கரண்ட் இருக்குது. கேமராதான் இல்ல. நான்தான் புடுங்குனேன்" என்றாள்.

பிறகு அவனைப் பேசவிடவில்லை. பெற்ற அப்பனின் அம்மணத்தைப் போனில் வைத்துக்கொண்டு எப்படிடா சோறு இறங்குகிறது என்று கேட்டாள். உன்னை ஒருவன் இப்படிப் படம் பிடித்தால் சும்மா இருப்பாயா என்று கேட்டாள். பாதுகாப்புக்குத்தானே என்று அவன் முனகியதும் இன்னும் ஏறியது அவளுக்கு. நாளைக்கே ராஜாம்பாளை வரச்சொல்லப் போகிறேன், பீரோவைத் தூக்கிக்கொண்டு போனாலும் போகட்டும், இனிமேல் யாரையும் கேட்கமாட்டேன் என்று கத்தினாள்.

கட்டிலில் கை தட்டும் சத்தம் கேட்டது. திரும்பினாள். தர்மராஜ் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வே... ணாம்."

என்ன வேண்டாம் என்று குனிந்து கேட்டாள். அவர் நெற்றி நரம்பு புடைத்தது.

"பொம்... பள... வேணாம். ஆம்... பள."

ராஜாம்பாளுக்காக இப்போதுதானே மகனிடம் அப்படிக் கத்தினாள்! அந்த ராஜாம்பாளும்தான் இவர் லுங்கியை அவிழ்த்திருப்பாள். யாரை வைப்பது என்று எல்லோரும் பேசினார்கள். யார் வேண்டும் என்று அவரை ஒருத்தரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரிங்க. ஆம்பள ஆளாவே வெச்சிடலாம்" என்றாள்.

போனில் மகன் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எடுத்துக் காதில் வைத்தாள். இப்போது குரலில் கத்தல் இல்லை.

"அப்பாவுக்கு ஆம்பள ஆளுதான் வேணுமாம். தேடுறேன். கெடைக்கிற வரைக்கும் நீ வந்து தூக்கு."

மறுமுனையில் பிரபாகரன், எனக்கு அதெல்லாம் தெரியாதேம்மா, ஒரு மாதிரி கூச்சமாக இருக்குமே என்று இழுத்தான்.

"உங்கப்பாவுக்கும்தான் கூச்சமா இருக்குது" என்றாள் அம்சவல்லி. "ராத்திரி பஸ்ஸு இருக்குது. ஏறி வா."