கொளுத்தப்படாத புத்தகம்

1

ஒரு பழைய தில்லுமுல்லிலிருந்து பிறந்தது இந்தக் கதை. பகுத்தறிவு பேசிய புத்தகங்களைத் தூக்குப்போடுகிறவன் கையால் கொளுத்தச் சொல்வது அன்றைய பிரான்சு நீதிமன்றங்களின் வழக்கம். படிக்க ஆசைப்பட்ட குமாஸ்தாக்கள் புத்தகத்தைப் பதுக்கிக்கொண்டு, தீர்ந்த வழக்குக் கட்டு ஒன்றை நெருப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். கேள்விப்பட்டபோது சிரித்தேன். பிறகு, அந்தக் கட்டுக்குள் என்ன இருந்திருக்கும் என்று யோசித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

2

‘1765, மார்ச். விடாத மழை…’ [அடித்துவிட்டேன். மழையில் எதைக் கொளுத்துவது?]

‘குமாஸ்தா பெலிசியன் நல்லவன்.’ [இருக்கட்டும். எனக்குச் சந்தேகம்தான்.]

சித்திரவதை கூடாது என்று சொன்னதற்காகக் கொளுத்தத் தீர்ப்பான புத்தகம் ஒன்றை அவன் தாள் தாளாக மேசை நிறைய விரித்துப்போட்டுப் படித்துக்கொண்டிருந்தான். அப்போது, கொலைப்பழியில் சிறையிலிருந்த நெசவாளி மத்துரேனின் தங்கை பெரின் ஒரு மனுக் கட்டோடு வந்தாள். கொலை நடந்த அன்று அண்ணன் ஊரிலேயே இல்லை என்று ஏழு படகோட்டிகள் கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைக்குறி போட்டுக் கொடுத்த மனு. அது நீதிபதியிடம் போகாவிட்டால் வியாழக்கிழமை மத்துரேனைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொல்வார்கள். மேசையில் இடமில்லாததால் பெலிசியன் அதைத் தீர்ந்த வழக்குகளின் மேல் வைத்தான். மறுநாள் செவ்வாய், புத்தகத்தைக் கொளுத்தும் நாள். அவசரத்தில் மேலே இருந்த கட்டை அள்ளிக்கொண்டு போனான்.

3

“என்னய்யா, புஸ்தகம் இவ்ளோ மெலிசா இருக்கு?” என்றான் தூக்குப்போடுகிறவன்.

“உனக்குப் படிக்கத் தெரியுமா? கொளுத்துய்யா.”

“எனக்கென்ன, எந்தக் காகிதமும் ஒரே சூடுதான்.”

கூட்டத்தில் பெரினும் இருந்தாள். அந்த நெருப்பில் குளிர் காய்ந்துகொண்டே கேட்டாள்: “ஐயா, எங்கண்ணன் மனு பத்திரமா இருக்குல்ல?”

“இருக்கும்மா. கவலப்படாதே.”

உள்ளே போய்த் தேடினான். தீர்ந்த வழக்குகளின் மேல் மனு இல்லை; வெளியே எரிந்தது அதுதான்.

4

முடிவு ஒன்று: படகோட்டிகளிடம் மறுபடி குறி வாங்கலாம். [அவர்கள் படகில் கிளம்பிவிட்டார்கள். வர இரண்டு வாரம்.]

முடிவு இரண்டு: நீதிபதியிடம் உண்மையைச் சொல்லலாம். மத்துரேன் பிழைப்பான். புத்தகத்தைப் பதுக்கியதற்குப் பெலிசியன் ஆயுள் முழுக்கத் துறைமுகச் சிறையில் சங்கிலியோடு உழைப்பான்.

முடிவு மூன்று: வாயை மூடிக்கொண்டு, புத்தகத்தின் மிச்சத்தைப் படித்து… [இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.]

இப்போது புதன் மாலை. நீதிபதி வீட்டில்தான் இருக்கிறார். பெலிசியன் கோட்டை மாட்டிக்கொண்டு தன் வீட்டு வாசலில் நிற்கிறான். அவன் போனான் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவன் இடத்தில் நான் இருந்தால் போயிருக்க மாட்டேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். நீங்கள் போயிருப்பீர்கள் என்றால், அடுத்த வரியை நீங்களே எழுதுங்கள்.