கவிதா அழித்த பதினைந்து நாள்

1.
ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை திருட்டுச் சரக்கு. கொல்லிமலை சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் போனில் கத்தினாள்: “சார், எங்கூர்ல கோயில் நோம்பி சாட்டிக் காப்புக் கட்டிட்டா பதினஞ்சு நாளைக்கு மண்ணைத் தோண்ட மாட்டாங்க சார்!” அதற்குள் பஸ் வந்தது, ஏறிவிட்டாள். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

[பழம் உள்ளே வெறும் சக்கை. கதைக்குச் சம்பந்தமில்லை, வயிற்றெரிச்சல்.]

2.
‘பனி போர்த்திய கொல்லிமலையின் விடியலில்...’ அடித்துவிட்டேன். அன்று மண்டையைப் பிளக்கும் வெயில்.

‘எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அந்தப் பேருந்து...’ இதையும்தான். கொல்லிமலை என்றதும் வளைவை எண்ண உட்காராத எழுத்தாளனை நான் பார்த்ததில்லை.

நேரே சொல்கிறேன். அவள் கவிதா. (பெயர் நான் வைத்தது.) மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டுக்காரி. அப்பா சென்றாயன் மரவள்ளி போடுகிறவர். அடிவாரக் கல்லூரியில் கட்டுமான மேலாண்மை, கடைசி வருடம். எந்த வேலை எந்தத் தேதியில் முடியும் என்று கட்டம் கட்டமாகத் திட்டம் போடுகிற படிப்பு. [என் வீட்டைக் கட்டி முடிக்க மூன்று வருடமானது. கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் செய்வேன்.]

சொந்த ஊரில் நிஜமாகவே கட்டப்போகும் சமுதாயக் கூடத்துக்கு அட்டவணை போடுவதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். அது சரியாக நடந்தால் வேலை தருவதாக சேந்தமங்கலத்து கான்ட்ராக்டர் இலியாஸ் சொல்லியிருந்தார்.

3.
போனின் மறுமுனை எனக்குக் கேட்கவில்லை. அதனால் பிரேம் சார் என்றொரு வாத்தியாரை உண்டாக்கினேன்.

“என்னம்மா இது, நடுவுல பதினஞ்சு நாள் சும்மா கெடக்குது?”

“காப்புங்க சார்.”

“சாஃப்ட்வேர்ல அப்படி ஒரு லீவே கெடையாதே.”

“சாஃப்ட்வேர் எங்கூருக்கு வந்ததில்லைங்க சார்.”

“வாய் மட்டும் நல்லாப் பேசு. எழுபத்தஞ்சு நாள்னா எவன் ஒத்துக்குவான்? அதைத் தூக்கிட்டு அறுபதாக்கு. ஃபர்ஸ்ட் மார்க் உனக்குத்தான்.”

தூக்கினாள். (‘அவள் விரல் நடுங்கியது’ என்று எழுதப் பார்த்தேன். எங்கே நடுங்கியது? மார்க் வேண்டும்.)

4.
இலியாஸ் அட்டவணையைத் துருவவில்லை. “மலைப் புள்ள போட்டது. அந்த ஊரு நல்லது பொல்லது அதுக்குத் தெரியாததா?” என்று பொக்லைனை மேலே அனுப்பினார். கவிதாவைக் கூட்டிக்கொண்டு தானும் போனார்.

ஊர் எல்லையில் வண்டியை மறித்து நின்றவர் சென்றாயன். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.

“ஏனுங்க, நேத்துத்தான் காப்புக் கட்டியிருக்குது. இப்பப் போயி இதைக் கொண்டாந்திருக்கீங்களே, ஆருங்க தேதி குறிச்சது?”

இலியாஸ் தாளை நீட்டினார். கீழே கவிதாவின் பெயர்.

“உங்க புள்ளைதானுங்க.” கவிதா பக்கம் திரும்பினார். “ஏங்கண்ணு, காப்புக் கட்டுறது உனக்குத் தெரியாதா?”

தெரியாது என்றால் வேலை நிலைக்கும். பொய் என்பது அப்பாவுக்குத் தெரியும். தெரியும் என்றால் வேலை போகும்.

5.
(அ) “தெரியாதுங்க” என்கிறாள். சென்றாயன் தலையைக் குனிந்துகொண்டு...

(ஆ) உண்மையைச் சொல்கிறாள். இலியாஸ் கண்கலங்கி, “உன்னாட்ட ஆளுதான் கண்ணு வேணும்...” சீ, சினிமா.

(இ) பிரேம் சார் ஓடிவந்து மன்னிப்புக் கேட்... [எழுதும்போதே சிரித்துவிட்டேன். அவர் அந்த அறுபது நாள் அட்டவணையை ஜூனியர்களுக்கு மாதிரியாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்.]

உண்மையில் கவிதா ஒரு பதில் சொன்னாள். நீளமான பதில். இந்தக் கதையில் உருப்படியாக நான் எழுதியது அந்த ஒரு பத்திதான். நேற்றுப் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். “கடைசிப் பத்தி கொஞ்சம் இழுக்குது சார். எடுத்துட்டா இந்த வாரமே போட்டுடலாம்.”

எடுத்துவிட்டேன்.

அவருக்கு ரொம்பத் திருப்தி. பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சீக்கிரம் எழுதுங்கள், சென்றாயன் இன்னும் மகளின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.