ஐந்தில் இரண்டு போதும்

எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. எங்கள் துறைத்தலைவர் மணவாளன் அந்த ரகம். கட்டைவிரலை நாக்கில் ஒரு இழுப்பு, விடைத்தாளில் ஒரு தேய்ப்பு. எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை. அவர் திருத்திய கட்டு என் மேஜைக்கு வந்தால் ஓரங்களைத் தொடாமல் நடுவில் பிடித்துத்தான் தூக்குவேன்.

என் பெயர் செல்வகுமாரி. வில்லியனூர் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். மடுகரையிலிருந்து தினமும் ஸ்கூட்டி. கரும்பு லாரிக்குப் பின்னால் ஓட்டி ஓட்டியே எனக்குப் பொறுமை வந்திருக்க வேண்டும். வரவில்லை, என்ன செய்ய.

ஏழாவது செமஸ்டரில் ஒரு பாடம் உண்டு. மென்பொருளைத் தனித்தனி உறுப்புகளாகச் செய்து ஒன்றோடொன்று எப்படிப் பூட்டுவது, ஊருக்கு ஒன்றாகக் கிடக்கும் கம்ப்யூட்டர்களை ஒரே கம்ப்யூட்டர்போல எப்படி வேலை வாங்குவது, இதுதான் விஷயம். அருமையான பாடம். இதை ஒழுங்காகப் படித்தவள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள். அதற்கென்று நல்ல நல்ல புத்தகங்கள் வந்திருக்கின்றன. எங்கள் நூலகத்திலேயே தடிதடியாக நாலைந்து உண்டு. எல்லாம் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். இன்ஸ்பெக்‌ஷன் வருகிற அன்று மட்டும் தூசி தட்டி மேஜைமேல் பரப்புவார்கள், சாயங்காலம் திரும்பவும் பூட்டு.

பிள்ளைகள் படிப்பது மணவாளன் கைடு. பதிப்பாளர் அவருடைய சம்சாரம். பரீட்சைக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டினால்தான் ஹால் டிக்கெட் வரும், அதனால் விற்காமல் போகிற பேச்சே இல்லை. யாரோ எழுதிய கைடைப் பார்த்து இன்னொருவர் எழுதி, அதைப் பார்த்து இவர் அடித்த ஈயடிச்சான் காப்பி. 'மேலே உள்ள படத்தைக் காண்க' என்று ஒரு பக்கத்தில் இருக்கும். மேலே படமும் இருக்காது, ஒரு கருமமும் இருக்காது. பிள்ளைகள் அந்த வரியையும் சேர்த்து மனப்பாடம் செய்து விடைத்தாளில் எழுதிவைப்பார்கள். மணவாளன் அதற்கும் டிக் போடுவார்.

இந்தக் கைடில் ஒரு கேள்வி. ஒரே கணக்கை ஐந்து கம்ப்யூட்டர்கள் வைத்திருக்கின்றன. நடுவில் நெட்வொர்க் அறுந்துபோனால் ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குக் கேட்காது. அப்போது கணக்கில் ஒரு மாற்றம் செய்ய எத்தனை கம்ப்யூட்டர்கள் சம்மதிக்க வேண்டும்? மூன்று. பாதிக்கு மேல் வேண்டும், அவ்வளவுதான். மணவாளன் கைடில் 'இரண்டு போதும்' என்று இருக்கிறது. நாலு பதிப்பிலும் அதேதான். நாலு வருஷமாக அத்தனை பிள்ளைகளும் இரண்டு என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அனிதா மட்டும் மூன்று என்று எழுதினாள்.

அனிதா பாகூர் பக்கம் கடலோரக் குப்பத்துப் பெண். அப்பா கலியன் ஐந்து பேர் கூட்டில் ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார். அம்மா வில்லியனூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். நூலகத்துப் பீரோவைத் திறக்கச் சொல்லி என்னை நச்சரித்து, சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கவைத்து, அந்தத் தடிப் புத்தகத்தை உட்கார்ந்து படித்த ஒரே ஆள் அவள்தான். சென்னையில் ஒரு கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தால் வரும் திங்கட்கிழமை வேலையில் சேரலாம். இல்லாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். எல்லாவற்றிலும் தேறிவிட்டாள், இந்த ஒரு பாடம் தவிர. ஐம்பது வேண்டிய இடத்தில் நாற்பத்து நாலு.

விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தோம். அந்தப் பத்து மதிப்பெண் கேள்விக்குச் சிவப்பில் ஒரு முட்டை. அவள் எழுதியிருந்தது இது. ஐந்து பேர் பங்கு வைத்த படகு. இரண்டு பேர் கடலில், இரண்டு பேர் கரையில், ஒருத்தர் ஊரிலேயே இல்லை. சிக்னல் கிடையாது. இரண்டு பேர் சம்மதம் போதுமென்றால், கரையில் இருக்கிறவர்கள் வரப்போகிற மீனை ஒரு வியாபாரிக்கு விற்றுவிடுவார்கள், கடலில் இருக்கிறவர்கள் துறைமுகத்துப் பக்கம் ஒதுங்கி இன்னொருவனுக்கு விற்றுவிடுவார்கள். ஒரே மீனுக்கு இரண்டு பேர் கூடையோடு வந்து நிற்பார்கள். மூன்று பேர் வேண்டுமென்று வைத்தால் அந்தச் சண்டை வரவே வராது. நான் ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்திப் புரியவைக்க முடியாததை அவள் ஒரு பக்கத்தில் எழுதியிருந்தாள். அதன்மேல்தான் அந்த முட்டை. பக்கத்தின் மூலையில் கட்டைவிரல் ஈரம் காய்ந்த தடம் நகலில்கூடத் தெரிந்தது.

நேரே மணவாளன் அறைக்குப் போனேன். கைடில் தப்பு இருக்கிறது என்று நான் சொன்னால் மனுஷன் ஆடிப்போவார் என்று எதிர்பார்த்தேன். எனக்குத்தான் புத்தியில்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டு, விரலைச் சப்பிக்கொண்டே அவர் சொன்னார்:

"தெரியும்மா. ரெண்டாவது பதிப்புலயே தெரியும். அதுக்கு இன்னா பண்ண சொல்ற? இத்தினி பசங்க ரெண்டுன்னு எழுதி பாஸாயிட்டானுங்க. இப்போ மூணுன்னா அவுனுங்க மார்க்கு எல்லாம் இன்னா ஆவறது? எல்லாரும் ஒன்னையே சொன்னா அதான்மா சரி."

தப்பு என்று தெரியாமல் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. தெரிந்தே இத்தனை வருஷம். அவர் மேஜையில் ஐந்தாம் பதிப்பின் அச்சுத்தாள்கள் கிடந்தன. அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். இரண்டு போதும்.

மறுமதிப்பீட்டுக் குழுவுக்கு எழுதிக்கொடுக்கச் சொன்னேன், அனிதாவும் கொடுத்தாள். குழுவில் ஐந்து பேர். மணவாளன், அவர் தும்மினாலும் ஆமாம் சாமி போடுகிற தேவேந்திரன், நான், போன வருஷம் சேர்ந்த அருள்முருகன், வெளிக்கல்லூரியிலிருந்து பிரிட்டோ என்று ஒருவர். பிரிட்டோவின் மகளுக்குக் காரைக்காலில் கல்யாணம், அவர் அங்கே இருந்தார்.

புதன்கிழமை கூட்டம் என்று எனக்குத் தகவல் வந்தது. போனால் அறை பூட்டியிருந்தது. மணவாளனும் தேவேந்திரனும் செவ்வாய்க்கிழமை மத்தியானமே கேன்டீனில் பிரியாணி தின்றபடி 'மனு நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். தாளில் எண்ணெய்கூடக் காயவில்லை. ஐந்து பேர் குழுவில் இரண்டு பேர் எப்படி முடிவு செய்யலாம் என்று தேவேந்திரனைக் கேட்டேன். ரெண்டு பேர் இருந்தா போதும் மேடம், எப்பவும் இப்படித்தானே என்றார். அவர் சிரிக்கவில்லை. அந்த ஆளுக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

சரி, இரண்டு பேர் போதுமா, அப்படியே இருக்கட்டும். அருள்முருகனைப் பிடித்தேன். அவனுக்கு வேலை நிரந்தரமாகவில்லை, பயந்து நடுங்கினான். அனிதாவின் விடைத்தாளை அவன் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். வாசித்து முடித்ததும் பேனாவைக் கேட்டான். 'பத்து மதிப்பெண் வழங்கப்படுகிறது' என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, தேர்வுக் கட்டுப்பாட்டாளர் விஜயராணி மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அவர் இரண்டு உத்தரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே பெண், ஒரே தாள், ஒரே குழு. ஒன்றில் இல்லை, ஒன்றில் உண்டு. எல்லோரையும் கூப்பிட்டனுப்பினார். அனிதாவும் வாசலில் வந்து நின்றாள்.

மணவாளன் உள்ளே நுழையும்போதே முகம் சிவந்திருந்தது. என் உத்தரவை எடுத்து, விரலை நாக்கில் வைத்து, பின்பக்கம் புரட்டினார். பின்பக்கம் எதுவும் இல்லை. உடனே குரல் ஏறிவிட்டது.

"இன்னா மேடம் இது? இவுங்க ரெண்டு பேரா சேந்து கையெழுத்து போட்டா அது உத்தரவா? நாங்க ரெண்டு பேரு ஒன்னு சொல்லுவோம், இவுங்க ரெண்டு பேரு ஒன்னு சொல்லுவாங்க, ஆபீஸ் எத கேக்கும்? அஞ்சு பேரு குழுன்னா மூணு பேரு வேணும். இது கூடவா தெரியாது?"

அருள்முருகன் என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தான். வாசலிலிருந்து அனிதா மெதுவாகத்தான் சொன்னாள்.

"அத்ததான் சார் எழுதினேன்."

மனுஷனாக இருந்தால் அந்த இடத்தில் தலை குனிந்திருக்கும். அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். விஜயராணி மேடத்துக்குப் புரிந்தது என்பது அவர் கண்ணில் நன்றாகத் தெரிந்தது. புரிந்து என்ன பயன்? இந்தப் பெண்ணுக்குச் சரி என்று போட்டால் நாலு வருஷத்துத் தாள்களையும் தோண்ட வேண்டும், கல்லூரி பெயர் நாறிவிடும் என்றார். ஏற்கெனவே நாறிக்கொண்டுதான் இருக்கிறது என்றேன். காதில் வாங்கவில்லை. காரைக்காலுக்குப் போன் போட்டார். மூன்றாவது கையெழுத்து யார் பக்கம் என்று கேட்டதும் பிரிட்டோ, கல்யாண வூட்டு சத்தத்துல ஒன்னும் கேக்கல என்று வைத்துவிட்டார்.

கடைசியில் விஜயராணி மேடம் ஒரு வழி கண்டுபிடித்தார். கருணை மதிப்பெண். ஆறு மதிப்பெண் போட்டுத் தேறவைத்துவிடலாம். அதற்கு அந்தப் பெண், தன் விடை தவறு என்று ஒப்புக்கொண்டு, கருணை காட்டும்படி ஒரு மனு எழுத வேண்டும். துறைத்தலைவர் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ச்சீ, இதற்குப் பெயர் கருணையா? சரியாக எழுதியவள் தப்பு என்று எழுதிக்கொடுத்தால் பிழைக்கலாமாம். தப்பாக அச்சடித்தவன் அதில் பரிந்துரைக் கையெழுத்துப் போடுவானாம். நான் கத்தத் தொடங்கினேன். அனிதா என் கையைத் தொட்டு, வுடுங்க மிஸ், திங்கக்கிழமை சேரணும் என்றாள். ஒரு வெள்ளைத்தாள் வாங்கிக்கொண்டு வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவ்வளவு படித்த பெண்ணைக்கூட இந்த இடம் ஒரே நாளில் இப்படி வளைத்துவிட்டதே என்று ஆத்திரமாக வந்தது.

எழுதி முடித்து என்னிடம்தான் முதலில் நீட்டினாள். தமிழில், குண்டுகுண்டான எழுத்தில் எழுதியிருந்தாள்.

'ஐயா, ஐந்தில் மூன்று பேர் வேண்டும் என்று நான் தேர்வில் எழுதினேன். ஐந்தில் மூன்று பேர் வேண்டும் என்று பேராசிரியர் மணவாளன் அவர்கள் இன்று இந்த அறையில் சொன்னார்கள். கல்லூரியின் விதிப்படி இது தவறான விடை என்று அறிகிறேன். எங்கள் இருவருக்கும் கருணை காட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பே இல்லை. கிழித்துப்போட்டுவிடுவார்கள் அனிதா, வேலை போய்விடும் என்றேன்.

"படிச்சாதான மிஸ் கிழிப்பாங்க," என்றாள்.

அவளே கொண்டுபோய் மணவாளன் முன்னால் வைத்தாள். அவர் யாருடனோ போனில் ஐந்தாம் பதிப்பு எத்தனை காப்பி என்று பேசிக்கொண்டிருந்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கட்டைவிரலை நாக்கில் இழுத்து, தாளின் மூலையைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் காலி. முன்பக்கத்துக்கு வந்து, கீழே இருந்த இடத்தில் 'மனுவில் உள்ளபடி பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். விஜயராணி மேடம் அந்தக் கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

திங்கட்கிழமை அனிதா சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. அந்த ஆள் தப்பில்லாத ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான், அதையும் அவர் படிக்கவில்லை.