படகின் அடித்தோல்

...இல்லை, இதுவும் மரம் இல்லை, இதற்குக் கீழேயும் ஒரு நீலம், படகா வெங்காயமா இது, என்று மல்லாந்து படுத்தபடி சுரண்டியைச் சாய்த்துத் தள்ளினான் படகுக்காரன், தூசி பறக்காதிருக்க நனைத்த பழைய பெயிண்ட் சேறாய்க் கழுத்துக்குள் இறங்கியது, அந்த மெக்கானிக் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், பிரித்துப் போட்டதை மாட்டிவிட்டு, "எஞ்சின் தங்கம்ணே, அடியில போய்ப் பாருங்க, எருமைத்தோல் தோத்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனானே... எஞ்சின் தங்கமா? அப்படியானால் இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது? மற்றப் படகுகள் மூன்று நடை போய் வரும்போது தன்னுடையது இரண்டுதான் போகிறது, செத்த எஞ்சினைத் தலையில் கட்டிவிட்டார் அத்தான், சொந்த மச்சினன் என்றுகூடப் பார்க்கவில்லை... அக்காள் முகத்துக்கு நேராகவே சொன்னான், அன்றைக்குக் கதவைச் சாத்தியவள்தான் அவள்.

கறுப்பு, சிவப்பு, மறுபடி கறுப்பு, எல்லாம் அவனே அடித்தது, பழசைச் சுரண்டாமல் பூச்சின் மேல் பூச்சு, எவ்வளவு வேலை மிச்சம் என்ற பெருமை வேறு, படகைக் கைமாற்றும்போது அத்தான் சொன்னார்தான், "மாப்ளே, மரம் தெரியச் சுரண்டிட்டு அடி, இல்லேன்னா ஓடாது, நகரும்", அத்தான் பெயிண்ட் கடைக்காரர், அவர் யோசனை சொன்னால் எதற்கு, மூலையில் தூங்கும் சுரண்டியைத் தள்ளிவிடத்தானே, "எங்கிட்டயேவா அத்தான்?" என்று கண்ணடித்தான், அவர் சிரித்துக்கொண்டே ஒரு சுரண்டியைச் சும்மாவே பைக்குள் போட்டார், சும்மா கொடுத்ததும் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது... இதோ, அதே சுரண்டி, பிடியில் விலைச்சீட்டுகூட இன்னும் கிழியவில்லை.

செருப்பின் அடித்தட்டுக் கனத்தில் ஒரு சில்லு நெஞ்சில் விழுந்தது, மேலே முழுக்க அவன் பூசியது, கடைசியில் நூல்போல ஒரு பச்சை, அது மட்டும் அத்தான் பூசியது, சில்லு பெயர்ந்த இடத்தில் மரம் தெரிந்தது, ஒரு பொத்தல், ஒரு ஒட்டு, ஏதாவது ஒரு திருட்டுத்தனம் அகப்படாதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தான், கன்னம் மாதிரி வழுவழுவென்று இருந்து தொலைத்தது.

"ஏங்க, எம்பக்கம் மரம் தெரிஞ்சிருச்சு, உங்க பக்கம்?" என்றாள் மறுபுறமிருந்து மனைவி. "வருது, வருது." "புதுப் பெயிண்ட் எங்க வாங்கப் போறீங்க?" "எங்கன்னா, இங்க இருக்கிறதே ஒரு கடைதான?" "அதான் கேட்டேன்", என்ன நமட்டுச் சிரிப்பு அவளுக்கு...

போகத்தான் வேண்டும், போய், அத்தான் சொல்லும் விலையைப் பேசாமல் எடுத்து வைத்தால் மன்னிப்புக் கேட்கிறான் என்று புரியுமா, பேரம் பேசாமல் வாங்குகிறவன் அந்நியன் அல்லவா அவருக்கு, சரி, பழையபடி பாதிக்குக் கேட்டால், வெட்கங்கெட்டவனே என்று கல்லாவை விட்டு எழுந்து போய்விட்டால்? உள்ளே அக்காள் காதில் விழுமா? வாயைத் திறந்து நேராகவே சொல்லிவிடலாம், இரண்டே வார்த்தை, படகின் வயிற்றைப் பார்த்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தான், "தப்புதான் அத்தான்"... விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்கிற குரலில் அல்லவா வருகிறது இது.